டாய்லெட் அடியில் கசிவு: கேள்விகளும் பதில்களும்

பாளையங்கோட்டையைச் சுற்றி பிளம்பிங் வேலை எடுத்துச் செய்கிறேன். வெஸ்டர்ன் டாய்லெட் பொருத்துவது, கசிவு, நாற்றம் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (கல்லிடைக்குறிச்சி): அண்ணாச்சி, டாய்லெட் அடியில் தண்ணீர் கசிந்து மஞ்சளாகக் கறை படிகிறது. கொத்தனார் ஏற்கெனவே ஒயிட் சிமெண்ட் பூசிப் பார்த்துவிட்டார். கொஞ்ச நாள் நிற்கிறது, அப்புறம் விரிந்துவிடுகிறது. இதைவிட நல்ல சிமெண்ட் இருக்கிறதா?

பதில்: சிமெண்டை மாற்றிப் பயனில்லை தம்பி. பீங்கானுக்கும் தரைக்கும் நடுவில் வெளியே தெரிகிற அந்த வெள்ளைக் கோடு, பாத்ரூம் கழுவுகிற தண்ணீர் அடியில் போகாமல் தடுப்பதற்கு மட்டும்தான். கழிவைப் பிடித்து நிறுத்துகிற இடம் உள்ளே இருக்கிறது. பீங்கானின் வாயும் தரைக்குள் இருக்கிற நாலு இன்ச் பைப்பும் சேருகிற இடம் அது. அங்கே ரெண்டையும் இணைக்கிற கனெக்டர் ஒழுங்காக உட்காரவில்லை என்றால், வெளியே எதைப் பூசினாலும் தண்ணீர் உள்ளேயே தேங்கி, டைல்ஸுக்கு அடியில் பரவி, கடைசியில் பக்கத்து அறைச் சுவரில் உப்புப் பூக்கும். கசிவு நின்ற மாதிரி தெரிந்த அந்தக் கொஞ்ச நாளில் நடந்தது இதுதான்.

முதலில் எந்தத் தண்ணீர் கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். அடிப்பாகத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, சுற்றிலும் பழைய பேப்பரை விரித்து, ஒரு மணி நேரம் யாரும் போகாமல் விட்டுவிடுங்கள். பேப்பர் நனைந்திருந்தால் அநேகமாக அது நல்ல தண்ணீர். சுவரிலுள்ள ஆங்கிள் காக் என்கிற குழாய், அதிலிருந்து டேங்குக்குப் போகிற கனெக்ஷன் ஹோஸ், டேங்க் அடியிலுள்ள வாஷர், கழுவுவதற்கு வைத்திருக்கிற ஹெல்த் ஃபாசெட் இவற்றில் ஒன்று சொட்டுகிறது. பாதி வீடுகளில் ஹெல்த் ஃபாசெட்தான் குற்றவாளி, பழி டாய்லெட் மேல் விழும்.

பேப்பர் காய்ந்தே இருந்தால், ஃப்ளஷ் டேங்கில் ஒரு மூடி சொட்டு நீலம் ஊற்றி நாலைந்து தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள். அடியில் நீலம் வந்தால் அவுட்லெட் ஜாயிண்ட் போய்விட்டது. கழற்றித்தான் ஆகவேண்டும். ஃப்ளஷ் பண்ணியபோது வராமல், பேசினில் நிற்கிற நீலத் தண்ணீர் தானாகவே மெல்ல ஊறி வந்தால் பீங்கானிலேயே விரிசல். அப்போது புது பீஸ்தான்.

உங்கள் கொத்தனார் அடிப்பாகத்தைச் சிமெண்ட் கலவையில் புதைத்திருந்தால் உளியால் தட்டாதீர்கள், பீங்கான் உடைந்துவிடும். ரம்பத்தின் பிளேடை மட்டும் கழற்றி, சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் பொறுமையாக அறுக்க வேண்டும். அப்படி அறுத்தும் முழுசாக வரும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். இந்த ஒரு காரணத்துக்காகவே சிமெண்டில் உட்கார வைக்கிற வேலையை நான் ஒத்துக்கொள்வதில்லை.

கேள்வி (கே.டி.சி. நகர்): புது வீடு. எஸ் ட்ராப்பா, பி ட்ராப்பா என்று பிளம்பர் கேட்கிறார். பைப் எங்கே வரவேண்டும்?

பதில்: டாய்லெட்டை வாங்கி வைத்துவிட்டு அப்புறம் பைப்பைப் போடச் சொல்லுங்கள் சார். இங்கே எல்லாம் தலைகீழாக நடக்கிறது. பைப் போட்டு, டைல்ஸ் ஒட்டி, பெயிண்ட் அடித்த பிறகுதான் கடைக்குப் போகிறார்கள்.

ட்ராப் என்பது நாற்றம் மேலே வராமல் தண்ணீர் தேங்கி நிற்கிற வளைவு. எஸ் ட்ராப் என்றால் பைப் தரைக்குள் இறங்கும். பி ட்ராப் என்றால் பின்சுவருக்குள் போகும். எஸ் ட்ராப்பில் சுவரிலிருந்து பைப்பின் நடுமையம் வரை 4 இன்ச், 9 இன்ச், 12 இன்ச் என்று மாடலுக்கு மாடல் மாறும். பி ட்ராப்பில் தரையிலிருந்து பைப்பின் நடுமையம் 180 முதல் 190 மி.மீ. உயரத்தில் இருக்கும். இந்த அளவுகள் எல்லாம் டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்தும் டைல்ஸ் ஒட்டிய தரையிலிருந்தும் எடுக்க வேண்டியவை. செங்கல் சுவரிலிருந்து 9 இன்ச் அளந்து பைப்பை நிறுத்தினால், பூச்சும் டைல்ஸும் சேர்ந்து ஒன்றரை இன்ச்சைத் தின்றுவிடும். அப்புறம் டேங்க் சுவரில் இடிக்கும், அல்லது கனெக்டரை வளைத்துத் திணிப்பார்கள். வளைத்துத் திணித்த கனெக்டர் இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்குக் கசியும்.

பைப்பை ஒரு ஜாண் மேலே விட்டு நிறுத்தச் சொல்லி, டைல்ஸ் வேலை முடிந்த பிறகு தரை மட்டத்துக்கு அறுக்க வேண்டும். தரைக்கு ரெண்டு இன்ச் கீழே பைப் நின்றுபோனால் கனெக்டர் எட்டாது. அதுவரை வாயில் எண்ட் கேப் போட்டு வையுங்கள். சாக்கைச் சுருட்டித் திணிக்கிற பழக்கம் இருக்கிறதே, அது உள்ளே போய்விட்டால் குடி போன மறுவாரமே அடைத்துக்கொள்ளும். சிமெண்ட் கலவை விழுந்து காய்ந்தாலும் அதே கதைதான். பைப் எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுக்கும் மழைத்தண்ணீருக்கும் உள்ள பைப்) வகையில் டைப் பி வாங்குங்கள், 110 மி.மீ. பைப்புக்கு அதன் சுவர்க் கனம் 3.2 மி.மீ. டைப் ஏ மழைத்தண்ணீருக்கும், காற்று போய்வர விடுகிற வென்ட் பைப்புக்கும் உள்ளது. பைப்பின் வாட்டம், அதாவது சரிவு, ஓர் அடி நீளத்துக்குக் கால் இன்ச்.

கேள்வி (மகாராஜ நகர்): அமெரிக்காவில் இருக்கிற மகன் மெழுகு வளையம் வைத்துத்தான் பொருத்த வேண்டும் என்கிறான். நம் ஊர் வெயிலுக்கு உருகிவிடாதா?

பதில்: உருகாது அம்மா. நிழலில் கிடக்கிற பாத்ரூம் தரை அவ்வளவு சூடாகாது. அங்கே தரையில் ஃபிளேஞ்ச் என்று ஒரு தட்டு வைத்து, அதன்மேல் மெழுகு வளையத்தை அமுக்கி உட்கார வைப்பார்கள். அதுவும் நல்ல முறைதான். ஆனால் ஒருமுறை அமுங்கின மெழுகு அமுங்கினதுதான். டாய்லெட்டைக் கொஞ்சம் தூக்கி மறுபடி வைத்தாலும் புது வளையம் போட வேண்டும். நம் பக்கம் ரப்பர் உதடு வைத்த பேன் கனெக்டர் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. கழற்றி மாட்டலாம். எதை வைத்தாலும் பைப் நடுமையத்தில் இருக்க வேண்டும், டாய்லெட் ஆடக்கூடாது.

கேள்வி (மேலப்பாளையம், வீரவநல்லூர்): உட்கார்ந்தால் டாய்லெட் லேசாக ஆடுகிறது. ஸ்க்ரூவை இன்னும் முறுக்கலாமா?

பதில்: முறுக்கினால் ஸ்க்ரூ ஓட்டைப் பக்கம் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும், அதோடு பீங்கான் போச்சு. ஆட்டத்துக்குக் காரணம் தரை. பாத்ரூம் தரைக்கு வாட்டம் வைத்திருப்பார்கள், வைக்கத்தான் வேண்டும். டாய்லெட்டின் அடியோ தட்டை. ரெண்டு அடி நீளத்தில் ஒரு பக்கம் கால் இன்ச் வரை தூக்கி நிற்கும். டைல்ஸ் ஒட்டும்போதே டாய்லெட் உட்காருகிற இடத்தை மட்டும் ரசமட்டம் வைத்துச் சமமாக ஒட்டச் சொன்னால் இந்தத் தொல்லையே இல்லை.

இப்போது செய்ய வேண்டியது: ஸ்க்ரூவைத் தளர்த்தி, இடைவெளி இருக்கிற பக்கம் பிளாஸ்டிக் ஆப்பு செருகி, ஆட்டம் நின்றதும் ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கையிறுக்கத்துக்கு மேல் கால் சுற்று மட்டும் முறுக்குங்கள். தீக்குச்சி, அட்டை எல்லாம் வைக்காதீர்கள், ஊறிப்போகும். ரொம்ப நாளாக ஆடிக்கொண்டிருந்தால் உள்ளே கனெக்டரின் உதடு தேய்ந்திருக்கும். கழற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி (திசையன்விளை): போர் தண்ணீர் உப்பு. டேங்கில் எந்நேரமும் தண்ணீர் ஓடுகிறது. ஆசிட் ஊற்றித்தான் கறையைக் கழுவுகிறோம். அது சீலைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும் தங்கச்சி. ஆசிட் ஒயிட் சிமெண்டையும் டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சாந்தையும் அரிக்கும், குரோம் பூச்சை உரிக்கும், செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கிற பாக்டீரியாவைக் கொல்லும். ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடரை மட்டும் போட்டுவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது உயிருக்கே ஆபத்து.

டேங்க் ஓடுவதற்குக் காரணம், ஃப்ளஷ் வால்வின் வாஷருக்கு அடியில் உப்பு பொருக்குத் தட்டியிருப்பதுதான். வாஷரைக் கழற்றி, வினிகரில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டு, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷால் தேயுங்கள். தாமிரபரணித் தண்ணீர் வருகிற ஊர்களில் வருஷக்கணக்கில் இந்த வேலை வராது. ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும்.

கேள்வி (அம்பாசமுத்திரம்): ஆச்சிக்கு மூட்டுவலி. இந்தியன் டாய்லெட்டை எடுத்துவிட்டு அதே இடத்தில் வெஸ்டர்ன் வைக்கலாமா? அதன் மேலேயே வைத்துவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார்.

பதில்: மேலேயே வைக்கக் கூடாது. இந்தியன் பேசினுக்கு அடியில் தனியாக ஒரு ட்ராப் புதைந்திருக்கும். வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு உடம்பிலேயே ட்ராப் உண்டு. பழையதை எடுக்காமல் வைத்தால் ரெண்டு ட்ராப் ஆகிவிடும். நடுவில் காற்று மாட்டிக்கொண்டு, ஃப்ளஷ் பண்ணினால் தண்ணீர் விளிம்பு வரை ஏறி மெதுவாக இறங்கும். இப்படி ஒரு டாய்லெட்டை வைத்துக்கொண்டு மாசா மாசம் அடைப்பு எடுப்பவர்கள் எத்தனையோ பேர். பழைய பேசினையும் ட்ராப்பையும் உடைத்து எடுத்து, பைப்பைச் சுவர்ப் பக்கம் நகர்த்திப் போடுங்கள். மாடி பாத்ரூம் என்றால் உடைத்த இடத்தில் வாட்டர்புரூஃபிங்கை மறுபடி செய்த பிறகே டைல்ஸ். ஆச்சிக்காக 17, 18 இன்ச் உயரம் வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள். பக்கச்சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி கட்டாயம்.

கேள்வி (உவரி): நாங்கள் பம்பாயில். கோயில் கொடைக்கு வந்து வீட்டைத் திறந்தால் பாத்ரூமில் நிற்க முடியவில்லை. எங்கும் கசிவு இல்லை.

பதில்: ட்ராப் வற்றிப்போயிருக்கும். டாய்லெட்டிலும் தரையில் இருக்கிற நாணி ட்ராப்பிலும் ரெண்டு இன்ச் தண்ணீர் நின்றுதான் செப்டிக் டேங்க் காற்றைத் தடுக்கிறது. மாதக்கணக்கில் பூட்டினால் அது ஆவியாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு வாளி ஊற்றுங்கள், அரைமணியில் நாற்றம் போய்விடும். ஊருக்குக் கிளம்பும்போது கடைசியாக ரெண்டு கரண்டி தேங்காய் எண்ணெயை அந்தத் தண்ணீர் மேல் விட்டுப் போங்கள். சீக்கிரம் வற்றாது.

இதையே வேறு மாதிரி மானூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். ஆள் இருக்கிற வீட்டில், ஃப்ளஷ் பண்ணும்போது நாணி ட்ராப் 'களக் களக்' என்று சத்தம் போட்டு நாறுகிறதாம். அது வென்ட் பைப் இல்லாததால். ஃப்ளஷ் தண்ணீர் இறங்கும்போது காற்றுக்கு வேறு வழியில்லாமல் பக்கத்து ட்ராப்பின் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. வென்ட் பைப் ஒன்றை மொட்டைமாடிக்கு மேலே ஏற்றி, அதன் வாயில் கவ்ல் என்கிற காற்றோட்ட மூடியைப் போட்டால் சரியாகிவிடும்.

கேள்வி (சிந்துபூந்துறை): 2023 டிசம்பர் வெள்ளத்தில் டாய்லெட் வழியாகவே தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சீல் பண்ணினால் தடுக்கலாமா?

பதில்: அது பைப்பின் உள்ளே ஏறி வந்த தண்ணீர். அடியில் பூசுகிற எதுவும் அதைத் தடுக்காது. வீட்டின் கடைசிச் சேம்பருக்கு (கழிவுப் பைப்புகள் சேருகிற தொட்டிக்கு) அடுத்து, தண்ணீரை வெளியே மட்டும் போகவிட்டுத் திரும்பி வராமல் தடுக்கிற நான்-ரிட்டர்ன் வால்வு வையுங்கள். அது மூடியிருக்கும் நேரத்தில் நீங்களும் ஃப்ளஷ் பண்ண முடியாது, அது ஞாபகம் இருக்கட்டும். மழைக்காலத்துக்கு முன்னால் அதன் மடலைத் திறந்து கழுவ வேண்டும். வெள்ளம் வடிந்ததும் அவசரப்பட்டு செப்டிக் டேங்கை முழுக்கக் காலி பண்ணாதீர்கள். மண் ஊறிக் கிடக்கும்போது காலி டேங்க், அதிலும் பிளாஸ்டிக் டேங்க், மேலே எழும்பிவிடும்.

கேள்வி (வள்ளியூர்): வாஸ்துப்படி டாய்லெட் எந்த மூலையில்?

பதில்: அது என் தொழில் இல்லை. ஆனால் மூலையை மாற்றுவதற்காக பைப்புக்கு நாலு வளைவு போடச் சொன்னால், எந்த மூலையில் வைத்தாலும் அடைக்கும்.

கேள்வி (சேரன்மகாதேவி): இன்றைக்குப் புது டாய்லெட் வைக்கிறார்கள். பணத்தைக் கொடுத்து அனுப்புவதற்கு முன்னால் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: அடியைச் சுற்றி இடைவெளியை மூடுகிற சிலிக்கான் பசையை உடனே பூச விடாதீர்கள், அதுதான் முதல் வேலை. பூசிவிட்டால் எதுவும் தெரியாது. பூசாமல் பத்துத் தடவை ஃப்ளஷ் பண்ணுங்கள், மேலிருந்து ரெண்டு வாளி வேகமாக ஊற்றுங்கள். டார்ச் அடித்து அடிப்பாகத்தைச் சுற்றிப் பாருங்கள், விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மாடி என்றால் கீழ் வீட்டுக் கூரையையும் பார்த்துவிடுங்கள். ஒரு ராத்திரி அப்படியே கிடக்கட்டும்.

மறுநாள் ஈரம் இல்லை என்றால் பூஞ்சை பிடிக்காத சானிட்டரி சிலிக்கானாக வாங்கி, ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, நடுவில் ஒரே இழுப்பாக இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் நீவி, காயும் முன்பே டேப்பை உரிக்க வேண்டும். பின்பக்கம் ரெண்டு இன்ச் பூசாமல் விடச் சொல்லுங்கள். சுற்றி முழுக்க மூடினால்தான் சுத்தம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். பின்னாளில் உள்ளே ஜாயிண்ட் கசிந்தால் அந்த இடைவெளி வழியாகத்தான் உங்களுக்குத் தெரியவரும். சிலிக்கான் காய 24 மணி நேரம். அதுவரை பக்கத்து வீட்டில் சொல்லி வையுங்கள்.