வேணுமெண்டே கூடாத கேம் செய்யிறது எப்பிடி?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சேர், எங்கட ஐசிடி (கொம்பியூட்டர் பாட) கழகத்தில ஒரு போட்டி, ஸ்க்ராட்ச்ல (ப்ளொக்குகள அடுக்கி கேம் செய்யிற மென்பொருள்) இருக்கிறதிலயே கூடாத கேம் ஒண்டு செய்யோணுமாம், ஆர்ர கேமுக்கு எல்லாரும் கூடச் சிரிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் பரிசு. நான் செஞ்சதில பட்டன் அமத்தினா பூனை அசையாது, ஸ்க்ரீன் செவப்பும் வெள்ளையுமா மின்னிக்கிட்டே இருக்கும். கூட்டாளிமார் ஒருக்காப் பாத்துட்டு மூடிட்டாங்க, ஒருத்தரும் சிரிக்கல்ல. என்ன செய்யலாம்?
— 10ஆம் ஆண்டு மாணவன், சாய்ந்தமருது

பதில்: தம்பி, நீங்க செஞ்சது பழுதான கேம். கூடாத கேம் எண்டா அது வேற. பட்டன் அமத்தி ஒண்டும் நடக்கல்லயெண்டா கீபோர்ட்தான் பழுதெண்டு நெனச்சிட்டு எழும்பிப் போயிருவாங்க, அதில சிரிக்க என்ன இருக்கு? விளையாடுறவர் சொல்றதக் கேம் கேக்கோணும், கேட்டும் காரியம் நடக்கப்படாது, அங்கதான் சிரிப்பு வரும். அதால கூடாத்தனத்த ஒரே ஒரு எடத்தில வைங்க, மத்ததெல்லாம் ஒழுங்கா ஓடட்டும்.

டெசர்ட் பஸ் எண்டு ஒரு கேம் இருக்கு, 1995ல பென், டெல்லர் எண்ட ரெண்டு அமெரிக்க மெஜிக்காரருக்காகச் செஞ்சது, அந்த நேரம் அது கடைக்கே வரல்ல. டூசன்ல இருந்து லாஸ் வேகஸ் மட்டும் பாலைவன ரோட்டில பஸ் ஓட்டோணும், மணிக்கு 45 மைலுக்கு மேல ஓடாது, ஆக 8 மணித்தியாலம் உண்மையாவே குந்தியிருந்து ஓட்டோணும், இடையில நிப்பாட்டி வைக்கவும் ஏலா. பஸ் எந்நேரமும் வலப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமா இழுக்கும், அதால கைய எடுக்கேலா. ரோட்ட விட்டு இறங்கினா இஞ்சின் பழுதாகி, திரும்ப டூசனுக்கே கட்டி இழுத்துக்குப் போவாங்க, அதுக்கும் ஓடி வந்த அதே நேரம் எடுக்கும். முழுசா ஓடி முடிச்சா கிடைக்கிறது 1 புள்ளி. இதையே 2007ல இருந்து ஆக்கள் மாறி மாறி நாள்கணக்கா ஓட்டி, ஆஸ்பத்திரியில இருக்கிற புள்ளைகளுக்குக் காசு சேக்கிறாங்க. பாருங்க, ஸ்டியரிங் சொன்னபடி கேக்குது, அந்தச் சின்ன இழுவை மட்டும்தான் தொல்லை.

நீங்க நம்மட ரோட்டிலயே ஒண்டு செய்யலாமே, மட்டக்களப்பு பஸ் ஸ்டாண்ட்ல வெளிக்கிட்டு கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, உங்கட சாய்ந்தமருது, நிந்தவூர் எண்டு அக்கரைப்பத்து மட்டும். ஸ்க்ராட்ச்ல மேடை, அதான் கேம் ஓடுற எடம், 480க்கு 360 அளவுதான், அதால பஸ்ஸக் கீழ ஒரு எடத்தில வச்சிட்டு ரோட்டுக் கோடுகள மேல இருந்து கீழ ஓட விடுங்க, பஸ் போற மாதிரியே இருக்கும். மறுகா திரும்பத் திரும்ப ஓடுற 'எப்பவும்' எண்ட ப்ளொக்குக்குள்ள (இதத்தான் லூப் எண்டுறது) எக்ஸ, அதான் இடம் வலம் நிக்கிற எடத்த, மாத்துற ப்ளொக்கப் போட்டு 0.2 எண்டு குடுங்க. அந்த லூப் செக்கனுக்கு 30 தரம் சுத்தும், அப்ப பஸ் செக்கனுக்கு 6 அளவு வலப்பக்கம் போகும். ரோட்டு ஓரம் 60 தள்ளி இருந்தா 10 செக்கன்ல இறங்கிரும். விளையாடுறவர் நிம்மதியாகி, தேத்தண்ணிக் கோப்பையத் தூக்கப் போற நேரத்துக்கு அது சரியா இருக்கும். இதே எடத்தில 5 எண்டு போட்டா அரைச் செக்கனுக்குள்ள பஸ் ரோட்டில இல்ல, திரும்பவும் பழுதான கேம்தான். இந்த ஒரு எண்ணில நல்லா மெனக்கெடுங்க, ஒவ்வொரு கூட்டாளியையும் குந்த வச்சு ஓடச் சொல்லி மொகத்தப் பாத்துப் பாத்து மாத்துங்க.

பஸ்ஸத் திருப்புற இடது அம்புக்குறிய, பட்டன் அமத்தினா தொடங்குற தொப்பி ப்ளொக்கில போடாம, 'எப்பவும்' உள்ளுக்க 'அமத்தியிருந்தா' எண்டு போடுங்க, தொப்பி ப்ளொக்கில முதல் அமத்தலுக்குப் பொறகு ஒரு சின்னத் தடங்கல் வரும், அது பகிடியா இருக்காது, எரிச்சலாத்தான் இருக்கும். ரோட்டோரத்துக்கு போட்டோ போடாம ஒரே பச்சையால பெயின்ட் பண்ணுங்க, அப்பதான் 'கலரில முட்டினா' ப்ளொக் ஒழுங்காப் புடிக்கும், முட்டினா திரும்ப மட்டக்களப்பு. லூப் ஒருக்கா சுத்த தூரம் 1 கூடுற மாதிரி வச்சா, 5 நிமிஷ ஓட்டத்துக்கு மொத்தத் தூரம் 9000 எண்டு கணக்கு சரி, போட்டிக்கு அது போதும். கண்டக்டர்ர 'கல்முன கல்முன கல்முன' சத்தத்த உங்கட வாயாலயே ரெக்கோட் பண்ணுங்க, ஸ்க்ராட்ச்லயே அதுக்கு மைக் இருக்கு. ஒவ்வொரு ஊரிலயும் ஒரு உம்மா 'இதில இல்ல மனே, அடுத்த ஹோல்ட்' எண்டு சொல்ற பலூன் ரோட்ட மறைச்சிக்கு வந்தா நான் கட்டாயம் சிரிப்பன்.

அந்தச் செவப்பு வெள்ளை மின்னல மட்டும் இண்டைக்கே எடுத்துருங்க. 1997 டிசம்பர்ல ஜப்பான்ல ஒரு கார்ட்டூன்ல செவப்பும் நீலமும் வேகமா மின்னினதப் பாத்து 600க்கு மேல புள்ளைகள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. செக்கனுக்கு 3 தரத்துக்கு மேல மின்னப்படாதெண்டுதான் வெப்சைட் செய்யிறவங்களுக்கும் விதி வச்சிருக்காங்க. பாக்கிறவங்களுக்கு வலிப்பு வார எதுவும் பகிடி இல்ல.

கேள்வி: என்ட மகள் ஓ/எல் சோதினை எடுக்கப் போறாள், பொழுதுக்கும் லப்டொப்ல வேணுமெண்டே மோசமான கேம் செஞ்சிக்கு இருக்காள். மறிக்கிறதா, விடுறதா?
— ஒரு தாய், திருக்கோவில்

பதில்: விடுங்க தங்கச்சி, படிப்புக்கு ஒரு நேரம் ஒதுக்கிட்டு விடுங்க. லூப், இஃப், வேரியபிள் எல்லாம் அவள் ஐசிடி பாடத்தில படிக்கிறதுதான். பக்கத்தில குந்தி ஒருக்கா விளையாடிப் பாத்து, நீங்க எந்த எடத்தில சினந்தீங்க எண்டு அவளுக்குச் சொல்லுங்க, அவளுக்குத் தேவையான ஆள் நீங்கதான்.

கேள்வி: வீட்டில டேட்டா இல்லாம ஸ்க்ராட்ச் செய்யேலுமா?
— வாசகர், வாழைச்சேனை

பதில்: ஏலும். ஒருக்கா மட்டும் டவுன்லோட் பண்ணோணும், முழுக்க இலவசம். பொறகு டேட்டா தேவையே இல்ல. செஞ்சத கொம்பியூட்டர்லயே ஃபைலா சேவ் பண்ணி, பென்ட்ரைவ்ல போட்டுக் கொண்டு போங்க.