அக்காகிட்ட கேளுங்க: பெட்டிய கட்டவா, வேண்டாமா?

கேள்வி: அக்கா, நாங்க ஷார்ஜாவுக்கு வந்து 14 வருஷம் ஆச்சு. சொந்த ஊரு குமரி மாவட்டத்துல கருங்கல் பக்கம். எங்க வீட்டுக்காரரு ஒரே ஏசி மெயின்டனன்ஸ் கம்பெனில அன்னைலருந்து இருக்காவ, இப்ப சூப்பர்வைசர், சம்பளம் மொத்தம் 6400 திர்ஹம், அதுல பேசிக் 3000. நான் ஒரு கிளினிக்ல நர்ஸ். மக எட்டாங்கிளாஸ், மகன் நாலாங்கிளாஸ், ரெண்டு பேரும் சிபிஎஸ்இ. ஆவணி மாசம் மாமி பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடிஞ்சு ஆபரேஷன் ஆச்சு, அதுலருந்து அவிய "போதும், ஊருக்குப் போவோம்"னு ஒரே பிடியா நிக்காவ. வேலைய விட்டா கம்பெனி குடுக்க கிராஜுவிட்டி 80 ஆயிரம் திர்ஹம் வரும், வீடு இருக்கு, ஒரு ஏக்கர் ரப்பர் விளை வாங்கிப் போட்டா காலம் ஓடிரும்ங்காவ. எனக்கு போகணும்னும் இருக்கு, பயமாவும் இருக்கு. மககிட்ட சொன்னா ரூம் கதவ சாத்திட்டு அழுகா. நான் என்ன செய்ய? பேரு போடாதீங்க.

பதில்: முதல்ல அந்த 80 ஆயிரத்த பேசி முடிச்சிருவோம் மக்களே, ஏன்னா அந்தக் கணக்கு தப்பு. யுஏஇல கிராஜுவிட்டி மொத்த சம்பளத்துக்கு கிடையாது, பேசிக்குக்கு மட்டும் தான். முத அஞ்சு வருஷத்துக்கு வருஷம் 21 நாள், அதுக்கு மேல வருஷம் 30 நாள், அப்போ 105ம் 270ம் சேத்து 375 நாள். பேசிக் 3000ன்னா ஒரு நாளைக்கு 100, ஆக 37,500 திர்ஹம். அவிய 6400 வச்சு பெருக்கிருக்காவ, அதான் சரியா 80 ஆயிரம் வருது பாத்தியா. பாதிக்கும் கீழ. இத வச்சு வீட்டுல சண்டை போடாத, ஆபீஸ்லருந்து கணக்க எழுதி வாங்கிட்டு வரச் சொல்லு, காகிதத்துல பாத்தா அவியளுக்கே புரிஞ்சிரும்.

அடுத்து ரப்பர் விளை. இத கேட்டதும் எனக்கு சிரிப்பும் வந்துது வயித்தெரிச்சலும் வந்துது, ஏன்னா இந்தப் படத்த நான் முழுசா பாத்தவ. நாங்க மஸ்கட்ல 17 வருஷம் இருந்துட்டு 2011ல பெட்டிய கட்டினோம். அந்த வருஷம் ரப்பர் கிலோ 240 ரூவா வரைக்கும் போச்சு, குலசேகரம் பக்கம் டீக்கடைல நின்னா ஷீட் விலைய தவிர வேற பேச்சே கிடையாது. எங்க வீட்டுல இவிய அதுக்கு முந்தின வருஷமே லீவுல வந்து 55 சென்ட் பாத்து வச்சிட்டாவ, மூணு வருஷக் கன்னு. வெளிநாட்டுல இருக்கவங்க விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்கக் கூடாதுன்னு ஃபெமா சட்டம் இருக்கு, குடும்ப சொத்தா வந்தா வச்சிக்கலாம், வாங்க முடியாது. இத சொன்ன புரோக்கரே "அதுக்கென்ன, தம்பி பேர்ல போடுங்க"ன்னு வழியும் சொல்லிக் குடுத்தாரு. போட்டோம். திரும்பி வந்து எழுதிக் குடுன்னு கேட்டப்ப கொழுந்தனுக்கு ஒரு தடவ தலைவலி, ஒரு தடவ பிள்ளைக்கு பரீட்சை, அப்புறம் பொஞ்சாதி சம்மதிக்கலயாம். ஆறு வருஷம் நடந்து கடைசில பாதி ரூவாய வாங்கிட்டு விட்டுட்டோம். கேஸுக்கு போனாலும் அது பினாமி கணக்குல வந்து நம்ம தலையில தான் விழும்னு வக்கீல் சொல்லிட்டாரு. அதனால ஷார்ஜால இருந்துகிட்டே யாரு பேர்லயும் விளை வாங்காத, அண்ணனானாலும் சரி மச்சினனானாலும் சரி. ஊருக்கு வந்து நிரந்தரமா தங்கின பிறகு உங்க பேர்லயே வாங்கலாம், அதுக்கு தடை கிடையாது.

அந்த இடைப்பட்ட காலத்துல மரம் மட்டும் வளந்துது. கன்னு வச்சா ஏழு வருஷம் ஆகும் பால் வெட்டுக்கு வர. முதல் வெட்டு அன்னைக்கு இவிய காலைல நாலரைக்கே எழும்பி நெத்தில லைட்ட கட்டிட்டு வெட்டுக்காரன் பின்னாலேயே போனாவ, நான் கட்டங்காப்பிய பிளாஸ்க்ல ஊத்திக் குடுத்து விட்டேன். ஏழு மணிக்கு அடிச்சுது பாரு ஒரு மழை, முன்னறிவிப்பு ஒண்ணும் இல்ல, நம்ம ஊர்ல தான் ஆனியும் பெய்யும் ஐப்பசியும் பெய்யுமே. வந்தாவ, லுங்கி தொடையோட ஒட்டிப் போய், கையில ஒரே ஒரு சிரட்டை, அதுல மோர் தண்ணி மாதிரி வெளுத்த மழைத்தண்ணி. அத திண்ணைல வச்சிட்டு ஒரு வார்த்தை பேசல, நானும் கேக்கல, தலை துவட்ட தோர்த்த மட்டும் குடுத்தேன். 2016 தொடக்கத்துல விலை கிலோ 100க்கும் கீழ போச்சு, வெட்டுக்காரனுக்கு பாதி குடுத்தா மிச்சம் உரத்துக்கே பத்தல. 2024ல மறுபடியும் 250 பக்கம் ஏறிச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா ஏறும்போது நம்ம கையில ஒண்ணும் இல்ல. ரப்பர நம்பி இருக்கவங்க இங்க எத்தனயோ பேரு நல்லா தான் இருக்காங்க, அவங்க சின்ன வயசுலருந்து அதுலயே கிடந்தவங்க, 14 வருஷம் டக்ட்டும் கம்ப்ரசரும் பாத்த ஆளு திடீர்னு மரத்துகிட்ட போய் நின்னா மரம் பேசுமா?

செரி, உன் பயத்துக்கு வருவோம். நீ எழுதலன்னாலும் எனக்கு தெரியுது. மாமிக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்கு, மருமக நர்ஸ். குடும்பத்துல எல்லாரும் வாய் திறக்காம ஒரே கணக்கு தான் போட்டிருப்பாங்க, நாத்தனார் உள்பட: "அவ வந்துட்டா வீட்டுலயே ஆஸ்பத்திரி." பேட் மாத்துறது, புண்ணு வராம திருப்பிப் படுக்க வைக்கிறது, ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்புறது எல்லாம் சம்பளம் இல்லாத டியூட்டி, லீவும் கிடையாது. நீ மாமிய பாக்க மாட்டேன்னு சொல்ற ஆளு இல்ல, உன் எழுத்துலயே தெரியுது. ஆனா பாக்கிறது வேற, பாக்கிறதுக்காகவே கொண்டு வரப்படுறது வேற. இத அவியகிட்ட நேரா கேளு. அம்மாவ யாரு குளிப்பாட்டுவா, ராத்திரி யாரு முழிப்பா, பிசியோதெரபிக்கு யாரு கூட்டிட்டுப் போவா, நான் வேலைக்குப் போனா பகல்ல யாரு? பேரு பேரா பதில் வரட்டும். "அதெல்லாம் பாத்துக்கலாம்"னு சொன்னா அந்த "பாத்துக்கலாம்"ல இருக்க ஆளு நீ தான், நல்லா தெரிஞ்சுக்கோ.

நான் சொல்றது இது தான்: முதல்ல மகன் வரட்டும், மருமக பிறகு. அவியளுக்கு இருக்க லீவோட சம்பளம் இல்லாத லீவும் சேத்து ரெண்டு மூணு மாசம் தனியா வந்து தாயோட இருக்கட்டும். ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா ரெசிடென்ஸ் விசா போயிரும், அதுக்குள்ள திரும்பிரணும், இதுக்கு கம்பெனி சம்மதிக்குமான்னு முதல்ல கேக்கட்டும். கிறிஸ்மஸுக்கு வரக்கூடாது, அது விருந்தாளி சீசன், அப்ப வந்தா திருவனந்தபுரத்துல இறங்கி களியக்காவிளை தாண்டினதும் எல்லாமே அழகா தான் தெரியும், ஒருத்தன் மட்டிப்பழக் குலை கொண்டு வருவான், ஒருத்தன் சாளை வாங்கிட்டு வருவான். தை, மாசில வரட்டும். அந்த நேரம் ரப்பர் இலை உதிர்ந்து பால் குறையும், நிறைய விளைல வெட்ட நிப்பாட்டிருவாங்க, வருமானம் இல்லாத மாசம் எப்படி இருக்கும்னும் பாத்த மாதிரி ஆச்சு. கரண்ட் பில்லும் வீட்டு வரியும் அம்மாவோட மருந்துச் சீட்டும் அவிய கையிலயே இருக்கட்டும். ஒரு ஹோம் நர்ஸ் வச்சா மாசம் என்ன ஆகும்னு அவியளே விசாரிக்கட்டும். அப்புறம் பேசுங்க ரெண்டு பேரும்.

ஆனா ரொம்ப இழுக்கவும் முடியாது, மக இருக்கா. ஒன்பதாங்கிளாஸ்லயே சிபிஎஸ்இ போர்டுல பேரு ரிஜிஸ்டர் ஆகிரும், அதுக்குப் பிறகு பத்தாங்கிளாஸுக்கு ஸ்கூல் மாத்துறது பெரிய தலைவேதனை. ஒண்ணு வர்ற ஏப்ரல்ல ஒன்பதாங்கிளாஸ் தொடங்கும்போதே இங்க சேருங்க, இல்லன்னா பத்து முடியற வரைக்கும் அசையாதீங்க. நடுவுல தூக்கிட்டு வராதீங்க. எனக்க அபிப்பிராயம் கேட்டா, இந்த ஏப்ரல் அவசரம், பத்து முடியட்டும். அழுகுற பிள்ளைக்கும் ரெண்டு வருஷம் நேரம் கிடைக்கும், அதுக்குள்ள தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவாவது படிக்கட்டும், இங்க வந்தா பஸ் போர்டு கூட அதுல தான் இருக்கு. இன்னொண்ணு, நாளைக்கு இங்க இன்ஜினியரிங் கவுன்சிலிங்னு வந்தா எட்டுலருந்து பன்னெண்டு வரைக்கும் தமிழ்நாட்டுல படிக்காத பிள்ளைக்கு இந்த மாநிலத்துக்காரங்கன்னு காட்டுற நேட்டிவிட்டி சர்டிபிகேட் கேப்பாங்க, ஒரு லீவுல வரும்போது அத வாங்கி வச்சிரு.

ரூவா விஷயம் ரெண்டு வார்த்தை. திரும்பி வந்து தங்கின பிறகு, வெளிநாட்டுல இருக்கவங்களுக்குன்னு இங்க பேங்க்ல இருக்க என்ஆர்இ அக்கவுண்ட அப்படியே வச்சிருக்கக் கூடாது, பேங்க்ல சொல்லி மாத்தணும், வட்டிக்கு இருந்த வரிவிலக்கும் போயிரும். 14 வருஷம் வெளிய இருந்ததால முத ரெண்டு மூணு வருஷம் ஆர்என்ஓஆர்னு, அதாவது வரிக்கணக்குல முழுசா உள்ளூர்க்காரரா எண்ணாத ஒரு நிலை கிடைக்கும், அந்தக் காலத்துல வெளிநாட்டு வருமானத்துக்கு பொதுவா இங்க வரி இல்ல. வர்ற தேதிய முடிவு பண்றதுக்கு முந்தியே ஒரு ஆடிட்டர பாருங்க, வந்த பிறகு இல்ல. அப்புறம் ஹெல்த் இன்சூரன்ஸ், அங்க வேலை போனா அந்த கார்டும் போச்சு. இங்க பாலிசி எடுத்தா ஏற்கனவே இருக்க சுகர், பிரஷருக்கு மூணு வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம், அதனால வர முடிவு பண்ணினா முன்னாடியே எடுத்து வச்சிருங்க, அந்த வருஷங்கள் அங்க இருக்கும்போதே கழிஞ்சிரும். பிள்ளைங்க விசா யாரு பேர்ல இருக்குன்னும் பாரு. அவிய பேர்ல இருந்து அவிய மட்டும் முன்னால வேலைய விட்டுட்டு வர்றதா இருந்தா, முதல்ல அத உன் பேருக்கு மாத்த முடியுமான்னு பாக்கணும்.

உனக்க நர்ஸ் ரிஜிஸ்ட்ரேஷன ரினியூ பண்ணாம விட்டுராத. இங்க தனியார் ஆஸ்பத்திரில குடுக்க சம்பளம் ஷார்ஜா சம்பளத்துல ஒரு ஓரத்துக்கு வராது, தெரியும். இருந்தாலும் உனக்குன்னு ஒரு வேலையும் ஒரு பஸ் பாஸும் இருக்கணும். அவியளுக்கும் இருக்கணும், அது அதவிட முக்கியம். எங்க வீட்டுல இவிய மஸ்கட்ல ஸ்டோர் கீப்பர். ஊருக்கு வந்த மூணாவது மாசம் நான் மார்த்தாண்டம் போயிட்டு வந்து பாக்கேன், அடுக்களைல ஒரு டப்பா விடாம நம்பர் ஒட்டி, மல்லி 4, சீரகம் 7, கடுகு 11, கதவுல ஒரு சார்ட், யாரு எடுத்தா எவ்ளோ எடுத்தான்னு எழுத பேனாவ நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்காவ. நான் அன்னைக்கு போட்ட சத்தம் தக்கலை வரைக்கும் கேட்டிருக்கும். அடுத்த வாரம் ஒரு ஹார்டுவேர் கடைல கணக்கெழுத போனாவ, சம்பளம் சொல்லிக்கிற மாதிரி இல்ல, ஆனா காலைல ஒன்பது மணிக்கு ஆளு வீட்ட விட்டு இறங்கினாவ பாரு, அன்னைக்கு தான் நாங்க ஊருக்கு வந்து சேந்தோம். கடுகு டப்பால 11 இன்னும் இருக்கு, கிழிக்க மனசு வரல.

---

கேள்வி: எனக்கு வயசு 67, திங்கள்சந்தை. மகன் குவைத்துல இருக்கான், "அம்மா நான் வந்துரட்டா"னு போன்ல கேக்கான். நான் "உன் இஷ்டம் மக்களே"ங்கேன். வான்னு சொல்லவும் பயம், வேண்டாம்னு சொல்லவும் மனசு வரல. நான் சொல்றது சரி தானா?

பதில்: சரியில்ல அம்மா. தாய் "உன் இஷ்டம்"னு சொன்னா மகன் காதுல "வா"ன்னு தான் விழும், மருமக காதுல வேற மாதிரி விழும். உங்களுக்கு என்ன குறைன்னு பிரிச்சு சொல்லுங்க. ராத்திரி துணை இல்லன்னா அதுக்கு ஒரு ஆள பாக்கலாம், கண்ணு ஆபரேஷனுக்கு கூட வர ஆளில்லன்னா அவன் பத்து நாள் லீவுல வந்தா போதும், அதுக்கு வேலைய விட வேண்டாம். அவன பாக்காம இருக்க முடியலன்னா அதயும் வெக்கப்படாம சொல்லுங்க, அது வேற விஷயம், அதுக்கு வேற கணக்கு. தென்னைல தேங்கா வெட்ட ஆளு கிடைக்கலன்னு மட்டும் அழுதுட்டே சொல்லிராதீங்க, அத கேட்ட வேகத்துல டிக்கெட் போட்டுருவான்.