கட்டடக் கேள்விகள்: சனிக்கிழமைக் கணக்கு

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் சின்ன அளவில் வீடு கட்டிக் கொடுக்கிறேன். முப்பதுக்கு நாற்பது அடி சைட்டில் இப்போது மூன்று வேலை ஓடுகிறது, மூன்றுமே தாமதம். பெரிய கம்பெனியில் இன்ஜினியராக இருக்கும் மகன், 'லீன் முறைக்கு மாறுங்கப்பா' என்கிறான். லீன் என்றால் ஒல்லி என்று அர்த்தமாமே, ஆளைக் குறைக்கச் சொல்கிறானா?

பதில்: இல்லை ஐயா, ஆள் சும்மா நிற்கும் நேரத்தைக் குறைக்கச் சொல்கிறார். டொயோட்டா கார் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த முறை இது. வாங்குபவருக்குப் பயன்படாத உழைப்பெல்லாம் வீண் என்று சொல்லி, அந்த வீண் உழைப்பை அவர் ஏழு வகையாகப் பிரித்தார். 1992-ல் பின்லாந்துக்காரர் லௌரி கோஸ்கெலா இதைக் கட்டுமானத்துக்குப் பொருத்தி எழுதினார்.

ஏழில் மூன்றை நான் காசு கொடுத்துக் கற்றேன். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடி வேலை. விலை ஏறப்போகிறது என்று டைல்ஸ் மொத்தத்தையும் முன்கூட்டியே வாங்கி பேஸ்மெண்டில் அடுக்கினேன். மழைத் தண்ணீர் இறங்கியது, மேலே ஏற்றினோம். அங்கே பூச்சு வேலை வந்தது, பக்கத்து பிளாக்குக்கு மாற்றினோம். ஒரே பெட்டியைத் தூக்க மூன்று முறை கூலி! உடைந்ததை எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. தேவைக்கு முன் வாங்கிக் குவித்தது, இடம் மாற்றிச் சுமந்தது, சேதாரம் என்று மூன்றும் அதில் வந்துவிட்டன. விலையில் மிச்சம் பிடித்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

உங்கள் அளவு வேலைக்கு நேராக உதவக்கூடியது, அமெரிக்காவில் கிளென் பல்லார்டு உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' முறை. கடைசியாகத் திட்டம் போடுபவர் என்று அர்த்தம். நம் சைட்டில் அவர் மேஸ்திரிதான். ஆபீஸில் நீங்கள் எந்தத் தேதி போட்டாலும், நாளைக்குச் சுவர் ஏறுமா என்பது அவருக்குத்தான் தெரியும். எனவே தேதியை அவர் வாயிலிருந்து வாங்குங்கள். அடுத்த வாரத்து வேலை ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள்: டிராயிங் வந்துவிட்டதா, பொருள் இருக்கிறதா, ஆள் உண்டா, முந்தின வேலை முடிந்ததா? ஒன்று குறைந்தாலும் அந்த வேலை நோட்டில் ஏறக் கூடாது. குறையைத் தீர்ப்பது உங்கள் பொறுப்பு. வாரக் கடைசியில் சொன்னதில் எத்தனை முடிந்தது என்று எண்ணுங்கள். முக்கால்வாசி முடிந்ததையெல்லாம் முடிந்த கணக்கில் சேர்க்காதீர்கள்.

நான் இதை ஆரம்பித்த முதல் வாரம் 11 வேலை சொல்லி 5 முடிந்தது, அதாவது 45 சதவீதம். காரணங்களை எழுதினேன். எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) லாரி, பகலில் லாரிகளுக்கு இருக்கும் தடையில் மாட்டி இரவுதான் வந்தது. எலக்ட்ரீஷியன் பைப் பதிக்காததால் பூச்சு நின்றது. பாத்ரூம் டைல்ஸ் நிறத்தை வீட்டு அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை. ஒரு பீம் கம்பிக்கு என் டிராயிங்கே போகவில்லை. மற்ற இரண்டும் இதே ரகம். ஆட்களின் சோம்பேறித்தனம் என்று ஒரு வரிகூட இல்லை. திருவண்ணாமலைக்கார மேஸ்திரி நோட்டைப் பார்த்துவிட்டு, "இதைத்தானே சார் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன்" என்றார். சொல்லியிருந்தார்தான், நான் காதில் வாங்கவில்லை.

இன்னொன்று. காத்திருப்பது வீண் என்று படித்துவிட்டு ரூஃப் கான்கிரீட்டைத் தாங்கும் முட்டுகளைச் சீக்கிரம் பிரித்துவிடாதீர்கள். சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட் போட்ட, தாங்கும் சுவர் அல்லது பீம்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை தூரமுள்ள ரூஃபுக்கு 7 நாளாவது முட்டு நிற்கட்டும் என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. சாம்பல் (ஃப்ளை ஆஷ்) கலந்த பிபிசி (PPC) சிமெண்ட் என்றால் இன்னும் கூடுதல் நாள் விட வேண்டும். அந்த நாட்களில் கான்கிரீட் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

சரி, எப்போது உட்காருவது? சனிக்கிழமை சாயங்காலம், மேஸ்திரி, பிளம்பர், எலக்ட்ரீஷியன் மூவரையும் சேர்த்து, ஆளுக்கொரு டீயோடு அரை மணி நேரம். கூலிப் பட்டுவாடாவுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பணம் கைக்கு வந்த பிறகு ஒருவரும் நிற்க மாட்டார்கள்.