சீசன் முடிந்த பின்னும் முடியாத தவணை

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பேஸ்பால் போன்ற சாஃப்ட்பால் விளையாட்டில் பிட்சர், அதாவது பந்து வீசுபவள். ஒன்றரை ஆண்டுக்கு முன், 10 வயதுப் பிரிவில் ஆடிக்கொண்டிருந்தபோது, உள்ளூர் லீக்கை விட்டு வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும் பயணக் குழுவில் சேர்ந்தாள். ஆண்டுக்கு இரண்டு சீசன்கள். குழுக் கட்டணம், பயணம், தங்குமிடம், மட்டை, தனிப் பயிற்சி எல்லாம் சேர்த்து ஒரு சீசனுக்கு எங்கள் மாத வருமானத்தில் பாதிக்குச் சற்று மேல் செலவாகிறது. ஒவ்வொரு சீசனுக்கும் 24 சதவீத வட்டியில் தனிநபர் கடன் வாங்கி 18 மாதத் தவணையில் கட்டுகிறோம். முதல் கடன் இந்த மாதம் முடிகிறது. இன்னும் இரண்டு ஓடுகின்றன. ஒரு தவணைகூடத் தவறியதில்லை, ஆனால் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. அடுத்த சீசனுக்கான முன்பணத்தை மாத இறுதிக்குள் கட்ட வேண்டும் என்பதால் நான்காவது கடனுக்கான படிவத்தை வாங்கி வைத்திருக்கிறோம். இது கல்லூரி உதவித்தொகைக்கான முதலீடு என்கிறார் என் கணவரின் அண்ணன்; காப்பீட்டோடு கூடிய ஒரு ‘குழந்தை எதிர்காலத் திட்டத்தில்’ சேரவும் வற்புறுத்துகிறார். மகளின் கனவுக்கு நாங்களே தடையாகிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரி, தவணை தவறாமல் கட்டும் குடும்பத்துக்குச் சிக்கனத்தைப் பற்றி நான் பாடம் நடத்த வேண்டியதில்லை. நீங்கள் மகளுக்குச் செலவு செய்வதிலும் தவறு காணவில்லை. தவறு ஒரே ஒரு வழக்கத்தில் இருக்கிறது: ஆறு மாதத்தில் தீர்ந்துபோகும் ஒன்றை 18 மாதக் கடனில் வாங்குகிறீர்கள். சீசன் முடிந்த பிறகும் அதன் தவணை ஓராண்டு ஓடுகிறது. அதற்குள் இன்னும் இரண்டு சீசன்களின் தவணைகள் அதன் மேல் ஏறிக்கொள்கின்றன. உங்கள் மகள் 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை 35 அடி தூரத்திலிருந்து வீசிய காலத்துக் கடனை, 12 அங்குலப் பந்தை 40 அடியிலிருந்து வீசும் இப்போதுதான் அடைத்து முடிக்கிறீர்கள். அப்போது வாங்கிய மட்டையும் இந்நேரம் அவள் உயரத்துக்குக் குட்டையாகியிருக்கும்.

கணக்கைத் தோராயமாகப் பார்ப்போம். உங்கள் மாத வருமானத்தை 100 பங்கு என்றும், ஒரு சீசன் செலவை 54 பங்கு என்றும் கொள்கிறேன். 24 சதவீத வட்டியில், 18 மாதங்களுக்கு, மாதத் தவணை ஏறக்குறைய 3.6 பங்கு வரும். மொத்தம் கட்டுவது சுமார் 65. அதாவது செலவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வட்டிக்குப் போகிறது. ஆறு மாதத்துக்கு ஒரு கடன் என்று எடுத்தால் எப்போதும் மூன்று தவணைகள் ஒன்றாக ஓடும், மாதம் 10.8 பங்கு. இதே விளையாட்டை ரொக்கமாகக் கொடுத்து ஆடியிருந்தால் ஆண்டுக்கு 108 பங்கு, மாதத்துக்கு 9 பங்குதான் ஆகியிருக்கும். மாதம் 1.8 என்பது கேட்கச் சிறியதாகத் தோன்றலாம், ஆனால் இந்த முறையிலேயே பத்து சீசன்கள் ஓடினால் வட்டி மட்டும் 108 பங்கு ஆகிவிடும். ஐந்து ஆண்டு விளையாட்டுக்கு ஆறு ஆண்டுக்கான பணம் கொடுத்திருப்பீர்கள். அந்த ஆறாவது ஆண்டில் உங்கள் மகள் ஒரு பந்துகூட வீசியிருக்க மாட்டாள்.

நல்ல செய்தியும் இதே கணக்கில்தான் இருக்கிறது. மாதம் 10.8 பங்கை ஒதுக்க உங்களால் முடிகிறது என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். ஆகவே உங்களுக்குத் தேவை புதிய வருமானம் அல்ல, ஓராண்டு இடைவெளி. நான்காவது கடனை எடுக்காவிட்டால், அடுத்த ஆறு மாதங்களுக்கு 7.2 பங்கு தவணைக்குப் போய், 3.6 பங்கு கையில் நிற்கும். அதற்கடுத்த ஆறு மாதங்களில் தவணை 3.6 ஆகக் குறைந்து, 7.2 பங்கு நிற்கும். ஆண்டு முடிவில் கடன் எதுவும் இருக்காது. கையில் சுமார் 65 பங்கு சேர்ந்திருக்கும். அந்த ஓராண்டும் மகள் உள்ளூர் லீக்கில் ஆடட்டும். நீண்ட பயணமும் தங்குமிடமும் இல்லாத அந்த லீக்குக்கு ஒரு சீசனுக்கு 9 பங்கு ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு சீசன்களுக்கு 18 போக 47 மிஞ்சும். ஒன்றிரண்டு வெளியூர்ப் போட்டிகளைக் குறைத்துக்கொண்டால் அதுவே ஒரு பயணக் குழு சீசனுக்குப் போதும். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு 65 பங்கு சேரும், 54 செலவாகும். இந்தப் பணத்தை வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து பிரித்துத் தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். சீசனுக்கு முன்பே சேரும் பணத்தில் மட்டும் அந்த சீசனை ஆடுவது என்பதை வீட்டின் விதியாக்கிக்கொள்ளுங்கள்.

ஓராண்டு பின்தங்கிவிடுவாளே என்று நீங்கள் கலங்குவது எனக்குப் புரிகிறது. அந்தக் கலக்கத்தைத்தான் உதவித்தொகை என்ற சொல் பெரிதாக்குகிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் உயர்ந்ததான முதல் பிரிவில் ஒரு சாஃப்ட்பால் அணிக்கு நெடுங்காலம் 12 முழு உதவித்தொகைகள்தான் உச்சவரம்பாக இருந்தன. இருபதுக்கு மேற்பட்ட வீராங்கனைகளுக்கு அவற்றைப் பிரித்துக் கொடுத்தார்கள், ஆகவே பலருக்குக் கிடைத்தது பகுதித் தொகையே. 2025-26 முதல், விளையாடும் மாணவர்களுக்குக் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம் என்ற புதிய ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த உச்சவரம்பு நீங்கி, அணிக்கு 25 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஆனால் அத்தனை பேருக்கும் முழுத் தொகை கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 11ஆம் வகுப்பின் செப்டம்பர் 1 வரை முதல் பிரிவுப் பயிற்சியாளர்கள் ஒரு மாணவியிடம் சேர்க்கை குறித்துப் பேச விதியே அனுமதிப்பதில்லை. 12 வயதில், பயிற்சியாளர்களின் கண்ணில் படுவதற்காக என்று சொல்லி விற்கப்படும் வெளியூர்ப் போட்டிக்குக் கடன் வாங்கிச் செல்வதில் எந்தப் பொருளும் இல்லை.

ஒலிம்பிக்கை எதிர்பார்த்தும் பணத்தைத் திட்டமிட முடியாது. 1996 முதல் 2008 வரை சாஃப்ட்பால் அதில் இருந்தது. பிறகு நீக்கப்பட்டு, 2021இல் நடந்த டோக்கியோ போட்டியில் திரும்பி, 2024இல் பாரிஸில் மீண்டும் இடமில்லாமல் போனது. 2028இல் மறுபடி வருகிறது. அதைப் பார்த்து அவள் மகிழட்டும், ஆசைப்படட்டும். கடன் படிவத்தில் அதைக் காரணமாக எழுத வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கீழிருந்து சுழற்றி வீசுவதால் தோளுக்கு ஆபத்தில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது, அது சரியன்று. ஆண்டு முழுவதும் ஓய்வின்றி வீசும் சிறுமிகளுக்கு மிகைப் பயன்பாட்டுக் காயங்கள் வருகின்றன. ஆண்டில் இரண்டு மூன்று மாதங்களாவது வீச்சுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது. 14 வயதுப் பிரிவில் வீச்சுத் தூரம் 43 அடியாகிவிடும் என்பதால், அதற்கு முன் ஓராண்டு நிதானமாக ஆடுவது அவளுடைய தோளுக்கும் நல்லது.

உங்கள் மைத்துனர் சொல்லும் திட்டத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. 24 சதவீதக் கடனில் ஒரு பங்கை அடைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது உறுதியான 24 சதவீதம்; எந்தக் கவர்ச்சியான திட்டமும் அதை உறுதி கொடுத்துத் தர முடியாது. இப்படிப்பட்ட திட்டங்களில் முதல் சில ஆண்டுகளின் பணத்தில் கணிசமான பகுதி கட்டணமாகவும் தரகாகவும் கழிந்துவிடுகிறது, இடையில் நிறுத்தினால் இழப்பும் உண்டு. காப்பீடு தேவைப்படுவது சம்பாதிக்கும் உங்கள் இருவருக்கு. அதற்கு முதலீடு கலக்காத சாதாரண ஆயுள் காப்பீடு போதும். அவரிடம் மரியாதையோடு, கடன் முடியும்வரை புதிதாக எதிலும் கையெழுத்திடுவதில்லை என்று முடிவு செய்திருப்பதாக உங்கள் கணவரே சொல்லட்டும். அண்ணனிடம் தம்பி சொன்னால் விவாதம் நீளாது. நீங்கள் சொன்னால் அது உறவுச் சிக்கலாகத் திரிந்துவிடும்.

பொருள்களில் மட்டையைப் பற்றி மட்டும் எச்சரிக்கிறேன். வளரும் பெண்ணுக்கு விலை உயர்ந்த ‘காம்போசிட்’ எனப்படும் கலப்பு இழை மட்டையை வாங்காதீர்கள். அது குளிரில் விரிசல் விடக்கூடியது, அவளோ ஓரிரு ஆண்டில் அதைவிட நீளமானதைக் கேட்பாள். பழைய மட்டை வாங்கினால், அவள் ஆடும் லீக் ஏற்கும் அனுமதி முத்திரை அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முத்திரை இல்லாத மட்டையை நடுவர் களத்துக்குள் விடமாட்டார். தனிப் பயிற்சியை முழுதாக நிறுத்த வேண்டாம். வாரம் ஒருமுறை என்பதை இரு வாரத்துக்கு ஒருமுறை ஆக்கி, இடைப்பட்ட நாள்களில் அவள் அப்பா ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பந்து பிடிக்கட்டும்.

மகளிடம் இதை மறைக்காதீர்கள். 12 வயதுப் பெண்ணுக்குக் கணக்கு புரியும். ‘உன்னால்தான் கடன்’ என்ற தொனி மட்டும் வந்துவிடக் கூடாது. இந்த ஓராண்டு எதற்காக, எந்த மாதத்தில் முடிகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். முன்பணம் கட்டும் நாளுக்கு முன்பே குழு மேலாளரைச் சந்தித்து, இந்த ஆண்டு முழு உறுப்பினராக இருக்க இயலாது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பிட்சர் குறையும் போட்டிகளுக்கு மட்டும் இவளை விருந்தாளியாக அழைப்பீர்களா என்று கேளுங்கள். பல குழுக்கள் அப்படி அழைப்பதுண்டு, பிட்சர் தட்டுப்பாடு எந்தக் குழுவுக்கும் புதிதன்று. அவர் சம்மதித்தால் அந்தப் போட்டிக்கான செலவை மட்டும் கையிலிருக்கும் 3.6 பங்குகளின் சேமிப்பிலிருந்து கொடுங்கள். மறுத்தாலும், அந்தப் படிவத்தை நிரப்பாமலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.