பாரத்தில் இல்லாத கட்டம்

கேள்வி: என் மகன் எம்.பி.ஏ. படிக்கிறான். பெந்தம், காண்ட் என்று இரண்டு தத்துவவாதிகளைப் பற்றி ஒரு பாடம். 1970-களில் ஃபோர்டு கம்பெனி, பின்னாலிருந்து மோதினால் தீப்பிடிக்கிற தன் பிண்ட்டோ கார் விஷயத்தில், மனித உயிருக்கு விலை போட்ட கதையைச் சொல்லி, அதில் என்ன தப்பு என்று 20 மார்க்குக்கு எழுதச் சொல்கிறார்களாம். இது தப்பு என்று தெரியத் தத்துவம் எதற்கு? முப்பது வருஷமாக ஹார்டுவேர் கடை நடத்துகிறேன். மனசாட்சி போதாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் மனசாட்சியைக் குறை சொல்லவில்லை. ஃபோர்டில் அந்த முடிவை எடுத்தவர்களுக்கும் அது இருந்தது, வில்லங்கமே அங்கேதான்.

முதலில் கதையிலேயே ஒரு திருத்தம். வகுப்புகளில் காட்டும் கணக்கு இது: வண்டிகளைச் சரிசெய்யாமல் விட்டால் 180 சாவு, 180 தீக்காயம், 2,100 எரிந்த வண்டிகள், மொத்தம் 4 கோடியே 95 லட்சம் டாலர் நஷ்டம். வண்டிக்கு 11 டாலர் வீதம் 1 கோடியே 25 லட்சம் வண்டிகளைச் சரிசெய்ய 13 கோடியே 70 லட்சம் டாலர் செலவு. ஆகவே கட்டுப்படியாகாது. படித்தால் வயிறு எரியும்தான். ஆனால் அது பிண்ட்டோவுக்கென்று போட்ட கணக்கே இல்லை. வண்டி கவிழ்ந்தால் பெட்ரோல் ஒழுகக்கூடாது என்று அமெரிக்க அரசு கொண்டுவரப் பார்த்த விதியை எதிர்த்து, எல்லாக் கம்பெனிகளின் வண்டிகளையும் சேர்த்துப் போட்டு, 1973-ல் ஃபோர்டு அரசுக்கே அனுப்பிய காகிதம் அது. உயிருக்குச் சுமார் 2 லட்சம் டாலர் என்ற விலையையும் ஃபோர்டு கண்டுபிடிக்கவில்லை, சாலைப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசுத் துறைதான் போட்டது. அந்தப் பட்டியலை ஒரு தடவை பாருங்கள்: செத்தவரின் வலி வேதனைக்கு 10,000 டாலர், ஈமச்சடங்குக்கு 900, இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியது 1,32,000...

அரசே போட்ட விலை என்றதும் உங்கள் மனசாட்சி கொஞ்சம் தடுமாறுகிறது அல்லவா? தடுமாறத்தான் வேண்டும். ரோடு போடும் பொறியாளரும் தடுப்பூசிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரியும் ஏதோ ஓரிடத்தில் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் தீரவேண்டும், எல்லா வளைவிலும் தடுப்புச்சுவர் கட்ட எந்த ஊரிலும் காசு கிடையாது. உயிருக்கு விலை போட்டதுதான் பாவம் என்று மட்டும் உங்கள் மகன் எழுதினால், இருபதுக்கு ஐந்து தேறலாம்.

மிச்சப் பதினைந்துக்குத்தான் அந்த இரண்டு பேரும் வேண்டியிருக்கிறது. பெந்தம் கூட்டிக் கழிக்கச் சொல்கிறவர், எல்லாருடைய இன்பதுன்பத்தையும் ஒரே தராசில் வைக்கலாம் என்பவர். காண்டுக்குத் தராசே முக்கியமில்லை, அந்த மனிதரை வெறும் கருவியாக நடத்தினாயா என்பதுதான் அவருடைய கேள்வி. பின்னாலிருந்து மோதினால் பிண்ட்டோவின் பெட்ரோல் டாங்கி கிழிகிறது என்று கம்பெனியின் சோதனைகளிலேயே தெரிந்தது. டாங்கிக்குள் ஒரு நைலான் பை வைத்திருந்தால் 5.25 முதல் 8 டாலர் வரை ஆகியிருக்கும் என்று பிறகு கலிபோர்னியா வழக்கில் வெளிவந்தது. 2,000 டாலருக்குள் புதுக் கார் என்று ஆசையாக வந்தவரிடம் இதை யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் எட்டு டாலரைச் சேர்த்துக் கொடுத்திருப்பாரோ மாட்டாரோ, அது அவர் பாடு. ஆபத்து அவருக்கு, மிச்சம் கம்பெனிக்கு, கணக்கு நோட்டும் கம்பெனி கையில் என்றால், கூட்டல் எவ்வளவு சரியாக வந்தாலும் அது களவாணிக் கணக்குதான். உங்கள் கடையில் மட்டமான வயர் கேட்பவரிடம் "இது பந்தல் லைட்டுக்குத்தான் ஆகும், மோட்டாருக்குப் போட்டுடாதீங்க" என்று சொல்லி விற்பதும் சொல்லாமல் விற்பதும் ஒன்றா? லாபம் என்னவோ இரண்டிலும் ஒன்றுதான்.

(1978-ல் அந்த வழக்கில், உடம்பெல்லாம் வெந்துபோன ஒரு பையனுக்காக ஜூரிகள் 12.5 கோடி டாலர் தண்டம் போட்டார்கள், நீதிபதி அதை 35 லட்சமாகக் குறைத்தார். அதே வருஷம் சுமார் 15 லட்சம் வண்டிகளை ஃபோர்டு திரும்ப அழைத்தது. 1980-ல் இண்டியானாவில் நடந்த கிரிமினல் வழக்கில் விடுதலையும் ஆனது. சட்டம் ஒரு பக்கம் கிடக்கட்டும்.)

மனசாட்சிக்கு வருகிறேன். டென்னிஸ் ஜியோயா என்று ஒருவர், மாணவராக இருந்தபோது போராட்டங்களில் நின்றவர், உள்ளே போய்த் திருத்தலாம் என்ற எண்ணத்தோடு 1972-ல் ஃபோர்டில் சேர்ந்து, எந்த வண்டியைத் திரும்ப அழைப்பது என்று பார்க்கும் வேலைக்கு வந்தார். எரிந்த பிண்ட்டோ ஒன்றை நேரில் போய்ப் பார்த்தவர். பிண்ட்டோவைத் திரும்ப அழைக்க வேண்டாம் என்று ஓட்டுப் போட்டவர்களிலும் ஒருவர். கல் நெஞ்சக்காரர் என்று நினைத்தீர்களானால், அவரே ஒரு பிண்ட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார், அப்புறம் அதைத் தன் சொந்தச் சகோதரிக்கே விற்றார்! பின்னாளில் பேராசிரியராகி 1992-ல் இதையெல்லாம் தானே எழுதினார்: இப்போது கேட்டால் திரும்ப அழைத்திருக்க வேண்டும் என்பேன், ஆனால் அன்றைக்கு அது தர்மம் சம்பந்தப்பட்ட விஷயமாகவே எனக்குத் தோன்றவில்லை என்கிறார். மேஜைக்குத் தினமும் புகார்கள் வந்துகொண்டே இருக்கும், எத்தனை கேஸ், எந்தப் பாகம் பழுது என்று பார்த்துத் தள்ளிவிட வேண்டியது. அந்தப் பழக்கத்தில் அவருடைய மனசாட்சி லஞ்சம் வாங்கவில்லை, யாருக்கும் பயப்படவில்லை, அதை யாரும் எழுப்பவேயில்லை.

ஊரான் கதை எதற்கு, எங்கள் கதையே இருக்கிறது. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு நிதி நிறுவனம் விளம்பரத்துக்காக எங்கள் பத்திரிகையின் பின்னட்டையை மூன்று இதழுக்கு மொத்தமாகக் கேட்டது. விளம்பர பாரத்தில் அளவு, கலரா கறுப்புவெள்ளையா, முன்பணம், டிசைன் வரும் தேதி என்று கட்டங்கள், எல்லாவற்றையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டேன். மாசம் இவ்வளவு வட்டி எங்கிருந்து கொடுப்பார்கள் என்று கேட்க அதில் கட்டம் இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. நாலாவது மாசம் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை எங்கள் பின்னட்டையைக் கிழித்து, மடித்து, கவரில் வைத்து எனக்கே அனுப்பியிருந்தார். கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

அந்தக் கட்டத்தை இப்போது பேனாவால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறோம். இந்த இதழின் பின்னட்டையில் ஏன் எங்கள் சொந்தச் சந்தா விளம்பரமே வந்திருக்கிறது என்று சேலத்திலிருந்து இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருக்கும் இதுவே பதில்.