அழிந்தவை தகுதியற்றவையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோத்தகிரிக்கு அருகில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். பரிணாமப் பாடம் முடிந்த மறுநாள், சாலையை அகலப்படுத்த வெட்டிய மலைச்சரிவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். ஒரு மணி நேரம் தேடியும் புதைபடிவம் என்று சொல்ல ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு மாணவி, "டைனோசரெல்லாம் வாழத் தகுதி இல்லாததால்தானே அழிஞ்சுது, டீச்சர்?" என்று கேட்டாள். அப்போதைக்கு ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. நம் மலையில் ஏன் எதுவும் இல்லை? அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். நீலகிரியின் பாறை பெரும்பாலும் சார்னோகைட். பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காணப்படும் அதே கல். பூமியின் ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும், ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உருவானது. எலும்போ ஓடோ உள்ள உயிர் எதுவும் அன்று பிறந்திருக்கவில்லை. சேறும் மணலும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிய பாறையைத் தேடி நீங்கள் மலையிறங்கி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கம் போக வேண்டும்.

மாணவியின் கேள்விதான் பெரியது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் நான் பார்த்த ஒரு கல்லிலிருந்து தொடங்குகிறேன். மழைநீர் அறுத்துப்போட்ட அந்தக் களிமண் பொட்டலில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் அம்மோனைட், அதாவது அழிந்துபோன ஒரு கடலுயிரின் புதைபடிவம், கிடந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட ஓடு. மேலோடு தேய்ந்துபோன இடத்தில், உள்ளறைகளைப் பிரித்த தடுப்புச் சுவர்கள் ஓட்டைத் தொடும் கோடுகள் தெரிந்தன. கொத்தமல்லி இலையின் விளிம்பைப் போல, மடிப்புக்குள் மடிப்பாக அவை நெளிந்து ஓடின. வீட்டுப் பூஜையில் சாளக்கிராமத்துக்கு அபிஷேகம் செய்கிறவர்கள் பலரும் இந்த உயிரின் உறவினர் ஒன்றைத்தான் நீராட்டுகிறார்கள்.

இந்த மரபு 30 கோடி ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலில் தழைத்திருந்தது. 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்வாழ் இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் மடிந்த பேரழிவில், அம்மோனைட் மரபில் விரல்விட்டு எண்ணக்கூடிய கிளைகளே தப்பின. ஆனால் அதன்பின் ஏறத்தாழ இருபது லட்சம் ஆண்டுகளுக்குள், போட்டி குறைந்த கடலில், அந்தச் சில கிளைகளிலிருந்தே புதுப்புது வடிவங்கள் கிளைத்துப் பெருகின. 20.1 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் வேரறுந்தாற்போல ஆகி, மீண்டும் தழைத்தன. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வந்த அழிவிலிருந்துதான் அவை திரும்பவேயில்லை. உயிர்களின் பெருக்கம் படிப்படியாக ஏறும் மாடிப்படி அன்று என்பதை இந்த ஓடுகள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

அந்த முறை ஏன் திரும்பவில்லை? மெக்சிகோவின் யுகடான் பகுதியில் விழுந்த விண்கல் எழுப்பிய தூசியும் புகையும் வெயிலை மறைத்தன. கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருமளவு செத்தன. அம்மோனைட்டின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். அந்த மேற்பரப்பு நீரில் மிதந்து, நுண்ணுயிர்களை உண்டு வளர வேண்டிய குஞ்சு அது. அதன் தூரத்து உறவான நாட்டிலஸோ ஆழத்தில் மெதுவாக வாழ்வது, சில பெரிய முட்டைகளை மட்டும் இடுவது, இரண்டரை சென்டிமீட்டர் குஞ்சாகப் பொரிவது. அது இன்றும் பசிபிக் கடலில் இருக்கிறது. கணக்கற்ற குஞ்சுகளை நீரோட்டத்தில் விட்டுப் பரவும் அந்த வழக்கம்தான் அம்மோனைட்டுகளைக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வாழவைத்திருக்க வேண்டும். அதே வழக்கம் அந்த இருண்ட காலத்தில் அவற்றுக்கு எமனாயிற்று என்பதே பல ஆய்வாளர்களின் விளக்கம். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜப்லான்ஸ்கி, அந்நாட்டின் அட்லாண்டிக், மெக்சிகோ வளைகுடாக் கரைகளில் கிடைத்த அக்காலச் சிப்பி, நத்தை ஓடுகளை ஆராய்ந்து 1986இல் வெளியிட்ட முடிவும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. சாதாரணக் காலங்களில் ஒரு பேரினத்தை நெடுநாள் காத்த குணங்கள், உதாரணமாக அதனுள் பல இனங்கள் இருப்பது, பேரழிவில் கைகொடுக்கவில்லை. பேரினம் முழுமையாகப் பல கடற்பகுதிகளில் பரவியிருந்ததுதான் காத்தது. ஆகவே உங்கள் மாணவியிடம் இப்படிச் சொல்லலாம்: டைனோசர்கள் தங்கள் காலத்துக்கு மிக நன்றாகத் தகுதி பெற்றிருந்தன; காலம்தான் ஒரே நாளில் மாறியது; அவற்றின் ஒரு கிளை பறவைகளாக இன்றும் நம் வாசலில் தானியம் கொத்துகிறது.

நம் மலையில் எதுவும் இல்லை என்பதும் முழு உண்மை அன்று. பாறை பேசாவிட்டாலும் சதுப்பு பேசுகிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவின் சதுப்பில், காற்றுப் புகாத நீரில் தாவரங்கள் முழுதாக மக்காமல் கரிய சேறாகப் படிந்திருக்கின்றன. வெப்பநிலப் புற்கள் ஒரு விதமாகவும் மரங்கள் வேறு விதமாகவும் கரிமத்தை எடுத்துக்கொள்வதால், அந்தச் சேற்றில் உள்ள எடைகூடிய கரிமத்தின் விகிதத்தைக் கொண்டே அன்று எது ஓங்கியிருந்தது என்று படிக்க முடியும். ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் அப்படிப் படித்தார்கள். பனியூழி உச்சத்தில் இருந்த வறண்ட காலத்தில் இங்கே புல்லே ஓங்கியிருந்தது. பிறகு மழை வலுத்தபோது நிலைமை மாறியது. நம் புல்வெளிகள் மனிதர் காட்டை அழித்ததால் வந்தவை என்று இன்னும் சொல்கிறவர்களுக்கு அந்தச் சேறே பதில்.

சோலைகள் எனப்படும் அடர்ந்த மலைக்காடுகள் விரிந்தும் சுருங்கியும் வந்த இந்த மலைகளில்தான் சோலைக்கிளி என்னும் சிறு பறவை கிளைத்தது. 2017இல் அதன் பேரினத்துக்கு ஷோலிகோலா என்று பெயரிட்டார்கள். நம் 'சோலை' அந்தப் பெயருக்குள் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனம், தெற்கே பழனி மலையில் இன்னோர் இனம். சோலையின் நிழலுக்கு அவற்றைவிடத் தகுந்த பறவையை நான் கண்டதில்லை. ஆனால் ஜப்லான்ஸ்கியின் ஓடுகள் நினைவுக்கு வரும்போதெல்லாம், இந்தச் சில மலைகளை விட்டால் அவற்றுக்கு வேறிடமே இல்லை என்பது என்னைக் கலங்கவைக்கிறது.

மழை ஓய்ந்த ஜனவரியில் பிள்ளைகளைக் காரைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரியலூர் மாவட்டத்து வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமும் இருக்கிறது. அம்மோனைட் கிடைத்தால் அந்த மாணவியின் கையில் முதலில் கொடுங்கள். தேய்ந்த பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்; பார்த்தபின் எடுத்த இடத்திலேயே வைத்துவிடச் சொல்லுங்கள்.