பெட்ரோல் வாடையும் டேங்க் மூடியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒன்பது வருடப் பழைய பெட்ரோல் கார். டேங்கை நிரப்பிய அன்றும் மறுநாளும் பின் இருக்கையில் வாடை தாங்க முடியவில்லை. பாதிக்குக் கீழே இறங்கியதும் போய்விடுகிறது. டேங்கையே மாற்ற வேண்டும் என்று 18,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். மாற்றிவிடலாமா? (சேலம்)

பதில்: மாற்றாதீர்கள். அந்த எஸ்டிமேட்டைக் கொடுத்தவர் உங்கள் காரின் அடியில் குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். டேங்கின் அடிப்பகுதியில் ஓட்டை இருந்தால் கால் டேங்க் இருக்கும்போதும் சொட்டியிருக்கும். நிறைந்திருக்கும்போது மட்டும் வாடை வருகிறது என்றால் கசிவு மேல்பக்கத்தில் இருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியவை மூன்றுதான்: பெட்ரோல் பம்பு உட்காரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம், பெட்ரோல் ஊற்றும் கழுத்திலிருந்து டேங்குக்கு வரும் தடித்த ரப்பர் குழாய், அதையொட்டி ஓடும் சிறிய காற்றுக் குழாய். பல கார்களில் பின் இருக்கையின் மெத்தையைத் தூக்கினால் பம்பின் மேல்மூடி தெரியும். பல வருடத் தூசி படிந்த அந்த மூடியைச் சுற்றி ஓர் இடத்தில் மட்டும் தூசி கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருந்தால், பெட்ரோல் அங்கேதான் வெளியே வருகிறது. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, திறந்த வெளியில் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால், சர்வீஸ் குழியில் இறக்கிப் பார்ப்பது ஆபத்து. ரப்பர் வளையத்துக்கு ஆகும் செலவை அந்த எஸ்டிமேட்டின் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கடைக்காரரிடம் பேசுங்கள்.

கேள்வி: டேங்கில் விழுந்த சிறு ஓட்டையை எம்-சீல் வைத்து அடைக்கலாமா, வெல்டிங் வைக்கலாமா? (கரூர்)

பதில்: எம்-சீல், ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை. வெல்டிங், வேண்டவே வேண்டாம். பெட்ரோல் தீர்ந்து ஆவி மட்டும் மிஞ்சிய டேங்க், நிறைந்த டேங்கைவிடப் பயங்கரமானது.

கேள்வி: நெடுஞ்சாலையில் நாற்பது கிலோமீட்டர் ஓடியதும் வண்டி திக்கித் திக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடுகிறது. பம்பு, ஃபில்டர் இரண்டையும் மாற்றியாயிற்று, பலன் இல்லை. (திருச்சி)

பதில்: அடுத்த முறை நின்றதும் பானெட்டைத் திறக்காமல் பெட்ரோல் மூடியைத் திறந்து, காதைப் பக்கத்தில் வையுங்கள். வெயிலில் நின்ற காரில் உள்ளிருந்து காற்று வெளியே சீறுவது பெரும்பாலும் இயல்புதான். ஓடி நின்ற காரில் வெளிக்காற்று உள்ளே பலமாக இழுக்கப்பட்டு, அதன்பின் வண்டி உடனே கிளம்பினால், டேங்க் மூச்சுத் திணறுகிறது என்று பொருள். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வந்தாக வேண்டும்; வரும் வழி அடைபட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் பெட்ரோலை இழுக்க முடியாமல் திணறும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், புதுப்பேட்டைக் கடை ஒன்றில் 120 ரூபாய்க்கு ஒரு டேங்க் மூடி வாங்கிய புத்திசாலி நான். அசல் மூடியின் உள்ளே வெளிக்காற்றை மட்டும் உள்ளே விடும் சின்ன வால்வு ஒன்று உண்டு; நான் வாங்கியதில் வால்வு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மேடு இருந்தது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் விக்கிரவாண்டி அருகே மூன்று முறை நின்றேன். உங்களைப் போலவே ஒரு பம்பும் மாற்றினேன். மூடி சரியாக இருந்தால், டேங்கிலிருந்து வரும் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரின் காற்று நுழையும் குழாயைப் பாருங்கள். அதற்குள் குளவி மண்கூடு கட்டியிருப்பது அபூர்வமல்ல.

கேள்வி: பங்க்கில் அரை லிட்டருக்கு ஒரு முறை துப்பாக்கி டக்கென்று நின்றுவிடுகிறது. நிரப்பிய பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கிறது. எப்போதும் ரவுண்டாகப் போடச் சொல்வேன், ஒருபோதும் இப்படி ஆனதில்லை. (மதுரை)

பதில்: அந்த ‘ரவுண்டாக’ என்ற சொல்லுக்காகவே இந்தப் பதில் நீளப்போகிறது. துப்பாக்கியின் முனையில் ஒரு சிறு துளை இருக்கிறது. பெட்ரோல் ஏறி வந்து அதை மூடியதும் துப்பாக்கி தானாக நிற்கும். அந்தச் சத்தத்துக்குப் பிறகும் டேங்கில் காலி இடம் மிஞ்சியிருப்பது உங்களை ஏமாற்றுவதற்காக அல்ல, பெட்ரோல் சூட்டில் விரிவதற்காக. நாற்பது லிட்டர் பெட்ரோல் பத்து டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 400 மில்லி கூடும். நிலத்தடித் தொட்டியின் குளிர்ச்சியிலிருந்து மதுரை வெயிலுக்கு வரும் பெட்ரோலுக்குப் பத்து டிகிரி பெரிய விஷயமல்ல. 1,960 ரூபாயை 2,000 ஆக்கியே தீர வேண்டும் என்று காரைக் குலுக்கிக் குலுக்கி ஊற்றவைப்பவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அவர்கள் கடைசியாக ஊற்றும் பெட்ரோல் ஆவிக் குழாயில் ஏறி, ஆவியை மட்டும் பிடித்துவைப்பதற்காகக் கரித்துகள் அடைத்த கேனிஸ்டருக்குள் போய் அதை ஊறவைக்கிறது. ஊறி உதிர்ந்த கரி குழாய்களை அடைக்கும்; பிடித்துவைத்த ஆவியை இன்ஜினுக்கு விடும் பர்ஜ் வால்விலும் சிக்கி, அதை மூடவிடாமல் செய்யும். அதன்பின் நிரப்பும்போது டேங்கிலுள்ள காற்று வெளியேற வழியில்லாமல் பெட்ரோல் எதிர்த்து வந்து துப்பாக்கியை நிறுத்துகிறது; மூடாமல் நின்றுபோன வால்வு வழியே ஆவி மொத்தமாக இன்ஜினுக்குப் போவதால் ஸ்டார்ட் ஆகவும் அடம் பிடிக்கிறது. நாற்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு ஆயிரக்கணக்கில் செலவு வைத்துக்கொண்டீர்கள்.

இன்ஜினை நிறுத்தி, பர்ஜ் வால்வைக் கழற்றி ஊதச் சொல்லுங்கள்; மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும், காற்று போகக் கூடாது. குழாய்களைச் சோதிக்க டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரைக் கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள்: டயருக்கு முப்பது பவுண்டு, இதற்கு அரைப் பவுண்டு போதும். புகை செலுத்திக் கசிவைக் காட்டும் கருவி எந்த ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்று விசாரித்துப் போவது, ஒவ்வொரு பாகமாக மாற்றிப் பார்ப்பதைவிட மலிவு.

கேள்வி: கையேட்டில் டேங்க் 37 லிட்டர் என்று போட்டிருக்கிறது, பங்க்கில் 39 லிட்டர் போட்டதாகப் பில் வந்தது. திருட்டுதானே? (தஞ்சாவூர்)

பதில்: அவசியமில்லை, கையேட்டில் உள்ள அளவு கழுத்துவரையான அளவல்ல. சந்தேகம் இருந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. மேலே மதுரைக்காரருக்குச் சொன்னதையும் படியுங்கள்.

கேள்வி: பழைய கார் விற்பனையாளரிடம் 4 லட்சத்துக்கு வாங்கினேன். முதல் முறை டேங்க் நிரப்பியதும் அடியில் ஒழுகியது. ‘ஓட்டிப் பார்த்துத்தானே எடுத்தீர்கள்’ என்கிறார். (கோயம்புத்தூர்)

பதில்: கால் டேங்க் பெட்ரோலோடு, ஏசி போட்டு, கண்ணாடியில் எலுமிச்சை வாசனைக் குப்பி தொங்கவிட்டுக் காட்டியிருப்பார். நானும் அப்படித்தான் ஒரு வண்டியை வாங்கினேன். குப்பி தீர்ந்த மூன்றாம் வாரம்தான் உண்மை தெரிந்தது. ஒழுகும் காரை மறைத்து விற்றவர் செய்ததுதான் தவறு, நீங்கள் நம்பியதல்ல. முதலில் வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டி, எங்கே ஒழுகுகிறது, எவ்வளவு பழைய கசிவு என்று எழுத்தில் வாங்குங்கள். துருவும் கறையும் வயதைச் சொல்லிவிடும். அந்த நகலோடு விற்பனையாளருக்குக் கடிதம் அனுப்பிவிட்டு, பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதுவரை அந்தக் காரை வீட்டுக்குள் நிறுத்தாதீர்கள்.

கேள்வி: டேங்க் ஒழுகினால் சலவை சோப்பைத் தேய்த்தால் நிற்கும் என்கிறார்களே, உண்மையா? (விழுப்புரம்)

பதில்: உண்மைதான், சோப்பு பெட்ரோலில் கரையாது. திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டு வரை ஒருமுறை அப்படி வந்திருக்கிறேன். செங்கல்பட்டில் மழை பிடித்துக்கொண்டது.